பதினான்காம் நம்பர் வீட்டுக்குச் சாட்சி

பாப்பம்மாளுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் பதினொரு வயதில் குச்சி அடுக்கத் தொடங்கியவள். கல்யாணமாகி டில்லிக்கு வந்து இருபது வருஷம் ஆன பிறகும் அந்தக் கைகள் சும்மா இருக்க மறுத்தன. பேசும்போதுகூட முந்தானை நுனியை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருப்பாள்.

புருஷன் அழகர்சாமி ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு, பிறகு ஒரு மந்திரி இலாகாவில் கார் டிரைவராகச் சேர்ந்தவர். அவர்களுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸ், ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து கால் மணி நேர நடையில் இருந்தது. நடுவே ஒரு புல்வெளி, இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், பின்னால் சின்ன முற்றம், அதற்குப் பின்னால் குப்பை வண்டி போகிற சந்து. பீகார்காரர், கடுவால் மலைக்காரர், பஞ்சாபி, மலையாளி என்று முப்பத்திரண்டு குடும்பங்கள். தண்ணீர் வராத கோடைகளில் பொதுக்குழாயடியில் அடிதடியாகிவிடும். ஒரு வருஷம் வாளி விளிம்பில் அடிபட்டு ஒருத்திக்கு நெற்றி கிழிந்தது. மறுநாள் பாப்பம்மாள் சுண்ணாம்பை எடுத்து ஒவ்வொரு வாளியிலும் வீட்டு நம்பரை எழுதி, வரிசையாக வைத்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. அன்றிலிருந்து 'மதராஸன் பாபி', அதாவது மதராஸ் அண்ணி, வந்தால் சண்டை தணியும் என்று ஒரு பேச்சு உண்டானது. அவளுடைய ஹிந்தியில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான், நேற்றும் நாளையும் ஒன்றுதான். ஆனாலும் சொல்ல வந்தது எல்லோருக்கும் புரிந்தது.

பதினான்காம் நம்பரில் மொஹிந்தர் சிங் குடும்பம் இருந்தது. அவர் அரசாங்கக் கட்டடங்களில் எலக்ட்ரீஷியன். அவர் மனைவி ஹர்பன்ஸ் கௌர், பாப்பம்மாளைவிட இரண்டு வயது மூத்தவள். பாப்பம்மாள் என்ற பெயர் அவள் வாயில் நுழையாமல் 'பாப்போ' ஆகிவிட்டது. இரண்டு வீட்டு முற்றத்துக்கும் நடுவே ஓராள் உயரச் சுவர். அதன் மேலாகக் கடுகுக்கீரையும் வற்றல் குழம்பும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

எண்பத்து நாலாம் வருஷம் அக்டோபர் கடைசி நாள் பிரதமர் தன் சீக்கியக் காவலர்களால் சுடப்பட்டார். மறுநாள் வியாழக்கிழமை. காலையிலேயே ரிங் ரோடு பக்கம் கறுப்புப் புகை எழுந்தது. அழகர்சாமி முந்தின நாள் டியூட்டிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. வீட்டில் பாப்பம்மாளும் பதினாறு வயது மகள் செல்வியும் மட்டும். பத்தரை மணி வாக்கில் வெளியே சத்தம் கேட்டு அவள் ஜன்னல் வலை வழியாகப் பார்த்தாள். இரும்புக் கம்பியும் மண்ணெண்ணெய் டின்னுமாக அறுபது எழுபது பேர் புல்வெளிக்குள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் முகமும் தெரிந்த முகமாக இல்லை. ஆனால் அவர்கள் முன்னால் காலனி நலச்சங்கத்தின் காரியதரிசி பிஷம்பர் தயாள் நின்றார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். கையில் மடித்த காகிதம் ஒன்று. அதைப் பார்த்தார், பிறகு வலது கையை நீட்டிப் பதினான்காம் நம்பரைக் காட்டினார். காட்டிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த நிமிஷம் பாப்பம்மாள் வீட்டுப் பின்கதவு தட்டப்பட்டது. "பாப்போ, திற. பாப்போ." ஹர்பன்ஸ் கௌரின் குரல். பாப்பம்மாள் முற்றத்துக்கு ஓடினாள். அவள் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள், தாவணிகூடப் போடாமல், வெளிறிப்போய். பாப்பம்மாள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. பாதி ஏறியிருந்ததை முழுக்க ஏற்றினாள். மூன்று தரம் தட்டல் கேட்டது. பிறகு சந்தில் ஓடுகிற காலடிச் சத்தம்.

ஹர்பன்ஸ் கௌரையும் அவளுடைய இரண்டு பெண்களையும் சந்துக் கோடியில் இருந்த சலவைக்காரர் காப்பாற்றினார். அழுக்குத் துணிக் குவியலுக்குள் மூன்று பேரும் இரண்டு நாள் கிடந்தார்கள். மொஹிந்தர் சிங் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்று, எரிகிற கதவைக் கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர்கள் அவரை அடித்துப் போட்டுச் செத்துவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டுப் போனார்கள். உயிர் பிழைத்தது, வலது கை விரல்கள் ஒட்டிப்போயின. ராணுவம் வந்த பிறகு அவரை ஆஸ்பத்திரிக்கும் மற்றவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த நிவாரண முகாமுக்கும் கொண்டுபோனார்கள்.

இதெல்லாம் தெரிந்த நாளிலிருந்து பாப்பம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. உலையில் அரிசி போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினோமா என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டின் கரிந்த சுவரைப் பார்க்காமல் இருப்பதற்காக முற்றத்தில் துணி காயப்போடுவதை நிறுத்தினாள். நாலாம் நாள் காலை ரவையைக் கிளறி ஒரு தூக்கில் அடைத்துக்கொண்டு, செல்வியின் இரண்டு சல்வார்களை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஓடத் தொடங்கியிருந்த முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்தாள்.

முகாமில் ஹர்பன்ஸ் கௌர் ஒரு பெஞ்சு ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாப்பம்மாளைப் பார்த்தாள். தூக்கை வாங்கிப் பெண்களிடம் கொடுத்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பாப்பம்மாள் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தாள். ஒருநாள் விட்டு மறுபடியும் போனாள். மூன்றாந்தரமும் போனாள். நாலாந்தரம்தான் ஹர்பன்ஸ் கௌர் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு நீ உள்ளே இருந்தியா?"

"இருந்தேன்."

"தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. போட்டது யார்?"

"நான்தான்," என்றாள் பாப்பம்மாள். பயந்துவிட்டேன் என்றோ வயசுப்பெண் இருந்தாள் என்றோ அவள் சொல்லவில்லை. சொல்ல நினைத்துத்தான் பஸ் ஏறியிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் நாக்கில் வரவில்லை. ஹர்பன்ஸ் கௌர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பெரியவளுக்கு இருமல் நிற்கவில்லை, அடுத்த தரம் வந்தால் மருந்து வாங்கி வா என்றாள்.

அன்று வீடு திரும்பி, ஒரு பழைய போர்வையை முகாமுக்குக் கொண்டுபோகலாம் என்று பாப்பம்மாள் பரணில் ஏறினாள். அங்கே சாக்கு போட்டு மூடி ஒரு மேஜை விசிறி இருந்தது. பச்சை இறக்கை, அடியில் மொஹிந்தர் சிங் கையால் ஒட்டுப்போட்ட ஒயர். போன கோடையில் அவள் மாவாட்டும்போது சுவர்மேல் இந்த விசிறியைத்தான் அவளுக்குக் காற்று வரும்படி திருப்பி வைத்திருந்தார்கள்.

அழகர்சாமி வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள். தீ வைத்த அன்று சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வந்தபோது அது எரிந்த வீட்டு வாசலில் கிடந்தது, யாராவது தூக்கிப் போய்விடுவார்கள் என்று எடுத்து வைத்தேன் என்றார்.

"சரி. சாக்கு எதுக்கு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைகால் கழுவப் போனார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவள் அதை மறுபடி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறியதும் பாப்பம்மாள் விசிறியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். புல்வெளியில் ஆண்கள் கயிற்றுக்கட்டிலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டும் கம்பளி பின்னிக்கொண்டும் இருந்தார்கள். எல்லோரும் பார்க்கிறபடி அதை நட்டநடுவில் வைத்தாள். பதினான்காம் நம்பர் சாமான், எங்கள் வீட்டில் இருந்தது என்று உரக்கச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உட்காரத் தெரியாத அந்த மனுஷி அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் அசையவில்லை. அழகர்சாமி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். பிறகு எதிர்வரிசைச் சாவித்திரி எழுந்து போனாள். அவள் பீகார்க்காரி, புருஷன் தபால் பிரிவில் பியூன், மூன்று பிள்ளைகள். திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஹர்பன்ஸ் கௌர் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்காகச் சேர்த்த துணிகள். சாவித்திரி பெட்டியை விசிறிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பாப்பம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஒன்றொன்றாக வந்தன. பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் இரண்டு, பித்தளைப் பாத்திரம், குக்கர், ஒரு சைக்கிளின் முன்சக்கரம் மட்டும். சிலர் சந்து வழியாக வந்து, யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டுப் போனார்கள். யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று பாப்பம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிஷம்பர் தயாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். சங்கத்தில் ஓர் அமைதிக் குழு போடுகிறோம், பெண்கள் சார்பாக நீங்கள்தான் இருக்க வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா போட்டுக் கூட்டம் நடத்தி மொஹிந்தர் சிங் குடும்பத்தை மாலை போட்டு அழைப்போம், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்போம் என்றார். ஹர்பன்ஸ் கௌர் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

பாப்பம்மாளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஹிந்தி எழுத்து தெரியாது. தாளை எடுத்துக்கொண்டு அடுத்த பிளாக்கில் இருந்த ஜலஜா வீட்டுக்குப் போனாள். ஜலஜா ஓர் இலாகாவில் ஸ்டெனோ, டில்லியிலேயே பிறந்தவள். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னா, வந்தவா எல்லாரும் வெளியாளுங்களாம். காலனிக்காரா ஒருத்தருக்கும் இதுல சம்பந்தம் இல்லையாம். மொஹிந்தர் சிங் குடும்பத்துக்காரா போலீஸ்ல எந்தக் கம்ப்ளெயின்ட்டும் குடுக்கப் போறதில்லையாம்."

"கையெழுத்துப் போட்டா?"

"போட்டா அதோட முடிஞ்சுது, பாப்பம்மா. யாரும் யாரையும் கேக்க முடியாது."

மறுநாள் பாப்பம்மாள் முகாமுக்குப் போய்த் தாளைக் கொடுத்தாள், அதில் இருப்பதையும் தன் ஓட்டை ஹிந்தியில் சொன்னாள். ஹர்பன்ஸ் கௌர் தாளை மடித்து முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனையோ வீடு இருக்கே, நேரா எங்க வீட்டுக்கு எப்படி வந்தாங்க? வாசல்ல பேர்ப்பலகைகூடக் கிடையாது. நீ ஜன்னல்கிட்ட நிக்கிறவ, எனக்குத் தெரியும். யாரு காட்டினது?"

பாப்பம்மாள் அதுவரை யாரிடமும், புருஷனிடம்கூட, சொல்லாத பெயரைச் சொன்னாள்.

"இதை அங்கே வந்து எல்லார் முன்னாலயும் சொல்வியா?"

பாப்பம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாளை மறுநாள் வந்து பதில் சொல்கிறேன் என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கோல் மார்க்கெட் வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்து நடந்தே வந்தாள்.

வீட்டில் அழகர்சாமியிடம் சொன்னாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"சர்க்கார் வேலை, சர்க்கார் வீடு. அந்தாளு மேல வரைக்கும் கை உள்ளவன். நாளைக்கே என்னைத் தூக்கி எங்கிட்டாவது போட்டான்னா செல்வி படிப்பு என்ன ஆகும்? நமக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா, புள்ள?"

"அன்னைக்கு அந்தக்கா கதவைத் தட்டினப்ப அவுகளுக்கு யாருங்க இருந்தா?"

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் அவள் வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். கடைசியில் முகாமுக்குப் போய், எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றாள். திரும்பி வந்து சாவித்திரி வீட்டுக்குப் போய், கூட்டத்தன்று தன்னோடு முகாமுக்கு வருவாளா என்று கேட்டாள். பிஷம்பர் பெயரைச் சொல்லவில்லை. ஹர்பன்ஸ் கௌரை நாம் போய்க் கூட்டிவர வேண்டும், மாலையோடு நிற்கிற ஆண்கள் அல்ல என்று மட்டும் சொன்னாள். சாவித்திரி இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் பதினோரு பெண்கள் நின்றார்கள்.

அவர்கள் ஹர்பன்ஸ் கௌரையும் பெண்களையும் நடுவில் விட்டு, சுற்றி நின்று பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். மொஹிந்தர் சிங் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஷாமியானாவுக்குள் நாற்காலிகளில் ஆண்கள், மேஜைமேல் சாமந்தி மாலை, தட்டில் சமோசா. பெண்கள் முன்னால் போட்டிருந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். பிஷம்பர் தயாள் எழுந்து, வெளியாட்கள் செய்த அக்கிரமத்தால் நம் காலனியின் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று தாளைப் பார்த்துப் படித்தார். முடிப்பதற்குள் பாப்பம்மாள் எழுந்து நின்றாள். முந்தானை நுனி கையில் சுருண்டிருந்தது.

"இவங்க வீட்டுக்கு வருவாங்க. கையெழுத்துப் போடமாட்டாங்க. அன்னைக்கு நான் ஜன்னல்ல நின்னேன். வீட்டைக் காட்டினது நீங்க, காரியதரிசி சார். கதவைத் திறக்காதது நான். ரெண்டையும் போலீஸ்ல நானே சொல்லுவேன்."

அவளுடைய ஹிந்தியில் அன்றும் ஆண்பால் பெண்பால் குழம்பித்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பிஷம்பர் தயாள் தாளை மேஜைமேல் போட்டார். பொய், மதராஸிக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். பின் நாற்காலிகளில் சத்தம் கிளம்பியது, நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். அப்போது சாவித்திரி உட்கார்ந்தபடியே, தலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள்:

"நானும் பார்த்தேன்."

அவள் புருஷன் அவளைப் பெயர் சொல்லி அதட்டினான். அவள் திரும்பவில்லை. ஆண்கள் கத்திக்கொண்டும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டும் ஷாமியானாவை விட்டு வெளியே போனார்கள். மாலையை யாரும் எடுக்கவில்லை. பெண்கள் எழுந்திருக்கவில்லை. வெயில் சாய்கிற வரையில் அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். ஹர்பன்ஸ் கௌர் வீடு சரியாகும் மட்டும் அவள் பெண்கள் சாவித்திரி வீட்டிலும் பாப்பம்மாள் வீட்டிலும் இருப்பது. பள்ளிக்கூடத்துக்கு நாலு பேர் முறைபோட்டு அழைத்துப்போவது. பதினான்காம் நம்பர் வாசலில் பகல் முழுக்க யாராவது இரண்டு பேர் பின்னல் வேலையோடு உட்கார்வது. புகார் கொடுப்பதும் கொடுக்காததும் ஹர்பன்ஸ் கௌரின் இஷ்டம், அதில் யாரும் தலையிடக்கூடாது என்பது. மூன்று பெண்கள் எங்களால் முடியாது, புருஷன் கொன்றுவிடுவான் என்று எழுந்து போனார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொள்ளவில்லை. ஜலஜாதான் ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தாள். "நான் கையெழுத்துப் போடமுடியாது, பாப்பம்மா, சர்வீஸ் ரூல் இருக்கு," என்று சொல்லிவிட்டு, பேர் தெரியாமல் இருக்க ஆபீஸ் மெஷினில் அடிக்காமல் தெரிந்தவர் வீட்டு மெஷினில் அடித்தாள். அடுத்த வருஷம் விசாரணைக் கமிஷன் வந்தபோது அந்தத் தாளைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார்கள். பாப்பம்மாள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அழகர்சாமியை வேறெங்கும் மாற்றவில்லை. ஆனால் காரிலிருந்து எடுத்து, தபால்பை ஏற்றுகிற வேனில் போட்டார்கள். ஒரு மாதம் அவர் அவளிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவளே எடுத்து வைப்பாள், அவரே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவுவார். ஒருநாள் இருட்டும் நேரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் யாரோ கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு அழகர்சாமி பதினான்காம் நம்பர் வாசலில், பின்னுகிற பெண்களுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். 

பிஷம்பர் தயாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷம் அதே பிளாக்கில் இருந்தார். தினமும் காலை பால் பூத் வரிசையில் பாப்பம்மாள் அவருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிஷம் அவள் முதுகு கூசும். வரிசையை விட்டு ஒருநாளும் விலகவில்லை.

ஹர்பன்ஸ் கௌர் எண்பத்தைந்து ஜனவரியில் புருஷனோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். முன்போலச் சுவருக்கு மேலே கீரை வந்தது. ஆனால் அவள் அதற்கப்புறம் 'பாப்போ' என்று கூப்பிடவில்லை. 'பாப்பம்மாஜி' என்று, நாக்கைச் சிரமப்படுத்தி, முழுப்பெயரைச் சொன்னாள். பாப்பம்மாளுக்கு ஒவ்வொரு தரமும் அது சுருக்கென்று தைத்தது. அது தனக்கு வேண்டியதுதான் என்றும் இருந்தது.

வெயில்காலத்தில் அடுத்த காலனியில், ஒரு முஸ்லிம் தையற்காரர் கடையை எடுக்கச் சொல்லித் தகராறு வந்தபோது, அங்கிருந்த பெண்கள் இவர்களைத் தேடி வந்தார்கள். பாப்பம்மாளும் ஹர்பன்ஸ் கௌரும் சாவித்திரியும் போனார்கள். இரண்டு நாள் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். கடை அங்கேயே இருந்தது. வேறோரிடத்தில் இதேபோல் போய் உட்கார்ந்தும் கடை போயிற்று. பாப்பம்மாளுக்கு அது பல மாதம் ஆறவில்லை. எங்கே தப்புச் செய்தோம் என்று துணி துவைக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

கலவரம் நடந்து நாலு வருஷம் கழித்து, எண்பத்தெட்டு கடைசியில், அந்தப் பிரமாணப் பத்திரத்தின் பேரில் ஹர்பன்ஸ் கௌருக்கும் பாப்பம்மாளுக்கும் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. காலை பத்து மணிக்கே போய் வராந்தாவில் நின்றார்கள். ஹர்பன்ஸ் கௌர் ரொட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தாள், பாப்பம்மாள் எலுமிச்சம்பழச் சாதம். மூன்று மணிக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா என்று சொல்லி அடுத்த தேதியைக் கொடுத்தார்கள். பாப்பம்மாள் வராந்தா நீளத்துக்கும் போவதும் வருவதுமாக இருந்தாள். ஹர்பன்ஸ் கௌர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாதம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. படியில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த தேதிக்கும் போனார்கள். அதற்கடுத்த தேதிக்கும்.